ஆடு ஒரு மாதிரியாக நிற்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை இரண்டிலிருந்தும் இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆட்டைப் பற்றியவை. ஆடிச் சாரல் விட்டு ஆவணி பிறக்கும் நேரம், பட்டி ஈரம் இன்னும் காயவில்லை, புல் தளதளவென்று முளைத்திருக்கிறது, இந்தச் சமயத்தில் ஆட்டுக்கு ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். மாடு, கோழிக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகளிர் குழுக் கடனில் நாலு வெள்ளாடு வாங்கியிருக்கிறேன். முன்னே பின்னே ஆடு வளர்த்துப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தவுடனே "இதுக்கு உடம்பு சரியில்லை" என்கிறார். எனக்கு நாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அவர் எதைப் பார்க்கிறார்?
– வாசகி, மன்னவனூர்

அண்ணன் நாலையும் சேர்த்துப் பார்க்கிறார், நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆடு நோயை மறைக்கும் பிராணி. மந்தையில் பலவீனமாகத் தெரிந்தால் நரியோ செந்நாயோ அதைத்தான் குறிவைக்கும் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய பயம். அதனால் உங்கள் கண்ணுக்கே "சோர்வாக இருக்கிறது" என்று தெரியும்போது நோய் வந்து ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும்.

காலையில் பட்டிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் வெளியே கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். திறந்த பிறகு பார்த்துப் பயனில்லை, தீனி வருகிற பரபரப்பில் நோயாளி ஆடும் சேர்ந்து ஓடிவிடும். எது கடைசியாக எழுந்திருக்கிறது, எழுந்தவுடன் எது சோம்பல் முறிக்கவில்லை (நல்ல ஆடு முதுகை வளைத்து ஒரு நீட்டு நீட்டும்), எது சுவரைப் பார்த்து நிற்கிறது, எதன் காது தொங்கிக் கிடக்கிறது, எது மற்றவற்றிடமிருந்து ஒதுங்கிப் படுத்திருக்கிறது என்று பாருங்கள். எப்போதும் முட்டி மோதி முதலில் வருகிற ஆடு ஒருநாள் கடைசியாக வந்தால், அதற்கு வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், அன்றைக்கு அதன் மேல் ஒரு கண் வையுங்கள். மயிர் சிலிர்த்து நிற்பதை நோய்க்கு அடையாளமாகச் சொல்வார்கள், ஆனால் மன்னவனூர்க் குளிரில் விடியற்காலையில் எல்லா ஆட்டுக்கும் சிலிர்த்துத்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகு மூன்றுக்குப் படிந்து ஒன்றுக்கு மட்டும் படியாமல் இருந்தால் அதுதான் ஆள்.

மேய்ந்துவிட்டு மத்தியானம் படுக்கும்போது அசைபோடுகிறதா என்று கவனியுங்கள். அசை நின்றால் உள்ளே ஏதோ நின்றிருக்கிறது என்று அர்த்தம். புழுக்கை தனித்தனியாக, பளபளப்பாக உருண்டு விழ வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழுந்தாலோ, கூழாகப் போனாலோ, ஒரு பொழுது முழுக்கப் போடாமலே இருந்தாலோ சரியில்லை. பல்லை நறநறவென்று கடிப்பதைப் பலர் அசைபோடுவதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது வலி. கேட்டுப் பழகினால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், மெடிக்கல் கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி ஆட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளாட்டுக்கு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், நமக்குச் சுரம் என்பது அதற்குச் சாதாரணம். நிழலில் நிற்கிற ஆட்டுக்கு 104-ஐத் தாண்டினால் சுரம். 100-க்குக் கீழே இறங்கினால் சுரத்தைவிட மோசம், உடனே டாக்டர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 மூச்சு. இடது பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால் இருக்கிற குழியில் கையை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு உருண்டு கையைத் தள்ளும், தள்ளாவிட்டால் செரிமானம் நின்றிருக்கிறது. இதையெல்லாம் ஆடு நன்றாக இருக்கும்போதே செய்து பழகுங்கள். உங்கள் ஊரிலேயே மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது. செம்மறிதான், வெள்ளாடு இல்லை, ஆனாலும் ஆரோக்கியமான மந்தை மேயும்போது எப்படிப் பரவி நிற்கிறது என்பதை அந்தப் பக்கம் போகும்போது வேடிக்கை பார்த்து வையுங்கள்.

முட்டைக்கோஸ் அறுவடை முடிந்து தோட்டத்தில் கிடந்த இலையையும் சிறுத்துப்போன கேரட்டையும் ஆட்டுக்குப் போட்டோம். மறுநாள் இடது வயிறு பந்து மாதிரி உப்பிவிட்டது, காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது, எச்சில் ஒழுகியது. நல்லெண்ணெயை ஊற்றினோம், அன்று சாயங்காலமே செத்துப்போனது. எண்ணெய் கொடுத்தது தப்பா?
– வாசகர், பூம்பாறை

எண்ணெய் தப்பில்லை. எப்படி ஊற்றினீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும், அதை நீங்கள் எழுதவில்லை. மலையில் நான் பார்த்தவரை, ஒருவர் ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்துக்கொள்ள இன்னொருவர் மூங்கில் குழாயிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ கடகடவென்று சாய்த்துவிடுவார்கள். பாதி வயிற்றுக்குப் போகும், பாதி புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் எந்த ஊசியாலும் திருப்பி எடுக்க முடியாது. நோயில் செத்த ஆடு எத்தனை, மருந்து புகட்டியதில் செத்த ஆடு எத்தனை என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை, எடுத்தால் பலர் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். தலை சமமாக இருக்க வேண்டும், மூக்கு கண்ணுக்கு மேலே போகக் கூடாது, கடைவாயோரம் ஊசி போடாத சிரிஞ்சை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் அது விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுக்க வேண்டும். படுத்துவிட்ட ஆட்டுக்கும், விழுங்க முடியாத ஆட்டுக்கும் வாய்வழியாக எதுவுமே கூடாது. இருமினால் உடனே நிறுத்துங்கள்.

உப்புசத்துக்கு, நிற்கிற ஆட்டுக்கு, பெரிய ஆடானால் 50 முதல் 100 மில்லி சமையல் எண்ணெய் போதும். முன்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி இடது வயிற்றைப் பிசைந்துவிட்டால் ஏப்பம் வரும். உப்பல் முதுகெலும்புக்கு மேலே ஏறி மூச்சுத் திணறினால் எண்ணெயை நம்பி உட்கார்ந்திருக்க நேரமில்லை, 1962-க்குப் போன் போட்டு நடமாடும் கால்நடை ஊர்தியைக் கூப்பிடுங்கள், வண்டி மலையேறி வரத் தாமதமானால் டாக்டரிடம் போனிலேயே என்ன செய்வது என்று கேளுங்கள்.

ஆனால் உங்கள் ஆட்டுக்கு வந்தது வெறும் உப்புசம்தானா என்று எனக்குச் சந்தேகம், காரணம் அந்த எச்சில். முட்டைக்கோஸுக்கு நம் பக்கம் எவ்வளவு மருந்து அடிக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். பூச்சிமருந்து உள்ளே போன ஆட்டுக்கு வாயில் எச்சில், கண்ணில் நீர், தசை துடிப்பு, நடக்கையில் தள்ளாட்டம், கழிச்சல், கண்ணின் பாவை சுருங்கிப்போவது எல்லாம் வரும், கடைசியில் மூச்சுத் திணறிச் சாகும். அதற்கு மாற்று மருந்து உண்டு, அட்ரோபின் ஊசி, டாக்டர் போட வேண்டியது, நேரத்துக்குப் போட்டால் பிழைக்கும். எந்த மருந்து அடித்தீர்களோ அந்த டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். "ஏதோ பச்சை மூடி போட்ட மருந்து" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? டப்பாவில் அறுவடைக்கு முன் இத்தனை நாள் இடைவெளி என்று போட்டிருக்கும், அது மனிதர் சாப்பிடும் காய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், கழித்துப் போடும் மேல் இலையில்தான் மருந்து அதிகம் தங்கும்.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். முளைவிட்ட, பச்சை ஏறிய உருளைக்கிழங்கை ஆட்டுக்குப் போடாதீர்கள், அது விஷம். திருவிழா, கல்யாணம் முடிந்து மிஞ்சிய சோற்றை அண்டாவோடு ஆட்டுக்கு வைப்பதும் அப்படித்தான். வயிற்றில் அமிலம் கூடி, வயிறு கல் மாதிரி இல்லாமல் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பும், ஆடு குடித்தவன் போலத் தள்ளாடும், ஒரு நாளில் போய்விடும். உப்புசம் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் கிடா தன் தாடியிலேயே சிறுநீர் அடித்துக்கொள்கிறது, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்கிறது, நாக்கை நீட்டிக் கொழகொழவென்று கத்துகிறது, சரியாகத் தின்பதும் இல்லை. வெறி பிடித்துவிட்டதா?
– வாசகர், பெரும்பாறை

பிடித்திருப்பது வேறு வெறி. பெட்டை ஏதோ பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நாற்றம் பெட்டைக்குப் பிடிக்கும், உங்கள் வீட்டம்மாவுக்குப் பிடிக்காது, பட்டியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். இளைத்துப் போகாமல் தீனியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடா விஷயத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறொன்று. காயடித்த கிடாய்க்குக் கறிக்காகத் தவிடும் தானியமும் அள்ளிப் போட்டு வளர்ப்பவர்கள் கவனிக்க. பின்காலைப் பரப்பி, வாலை ஆட்டி, முக்கி முக்கி நிற்கும், முனகும். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் வாங்க ஓடுவார்கள். கீழே குனிந்து பாருங்கள், சொட்டுச் சொட்டாகவோ இரத்தம் கலந்தோ சிறுநீர் வந்தால், அல்லது வரவே இல்லையென்றால், குழாயில் கல் அடைத்திருக்கிறது. அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், விட்டால் சிறுநீர்ப்பை வெடித்துவிடும். குளிர்காலத்தில் தண்ணீர் சில்லென்று இருப்பதால் ஆடு குடிப்பதைக் குறைத்துவிடும், மேல்மலையில் இந்தக் கல் பிரச்சினைக்கு அதுவும் ஒரு காரணம். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் குடிக்கும்.

ஒரு பெட்டை ஆடு இரண்டு நாளாக ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. தலை சாய்ந்திருக்கிறது, ஒரு காது தொங்கிவிட்டது, புல்லை வாயில் வைத்தபடி மெல்லாமல் நிற்கிறது. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்கிறார் என் மாமியார்.
– வாசகி, கவுஞ்சி

மாமியாரோடு சண்டை வேண்டாம், மந்திரிப்பவர் சாயங்காலம் வரட்டும், டாக்டர் காலையிலேயே வரட்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. சமீபத்தில் இந்த ஆட்டையோ, இதோடு மேய்ந்த வேறு ஆட்டையோ நாய் கடித்ததா? நரி? வெறிநோய் ஆட்டுக்கும் வரும். குரல் மாறிப்போய் ஓயாமல் கத்துவது, சாதுவான ஆடு பாய்ந்து முட்டுவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது, பின்னங்கால் இழுப்பது எல்லாம் அதில் வரலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பதுதான் நம் ஆட்கள் முதலில் செய்வது. செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்து, கையில் கீறல் இருந்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஆட்டுக்கு என்ன நோய் என்று தெரியும்வரை காத்திருக்காதீர்கள். வெறிநாய்க்கடிக்கு ஊசி தயாரிக்கவென்றே 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது, மலைக்காரர்களுக்கு இதில் அறியாமை என்று சொல்ல இடமில்லை.

நாய்க்கடி இல்லையென்றால், நீங்கள் சொல்கிற அடையாளம், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போவது, லிஸ்டீரியா என்ற கிருமி மூளைத்தண்டைத் தாக்கும்போது வருவது. அழுகிப்போன தீவனத்தில் அது பெருகும். காய்கறிக் கழிவைத் தார்ப்பாயின் கீழே குவித்து வைத்து, புழுங்கி நாறத் தொடங்கிய பிறகும் எடுத்துப் போடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் தேறும், கீழே விழுந்த பிறகு நம்பிக்கை குறைவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த ஆட்டின் அருகே விடாதீர்கள், காய்ச்சாத பால் யாருக்குமே வேண்டாம், இந்தக் கிருமி மனிதருக்கும் கருவைக் கலைக்கும்.

சுற்றுகிற ஆடெல்லாம் லிஸ்டீரியாவும் இல்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சுற்றல் அதிகமாகி, ஒரு கண் பார்வை மங்கி வந்தால் மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். அது நாயிடமிருந்து வருவது: வெட்டிய ஆட்டின் தலையை நாய் தின்னும், நாயின் மலத்தில் வரும் முட்டை புல்லில் ஒட்டும், அந்தப் புல்லை ஆடு தின்னும். காவல் நாய்க்கும் பூச்சி மருந்து கொடுங்கள், தலையைத் தூக்கி வீசாமல் புதையுங்கள். தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்த்தபடி, கண் தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் வைட்டமின் பி1 குறைவு, திடீரென்று தானியத் தீனியைக் கூட்டியவர்கள் வீட்டில் வரும், ஊசி சீக்கிரம் போட்டால் ஒரே நாளில்கூட மாற்றம் தெரியும். உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்து, காதும் வாலும் நிமிர்ந்து, வாய் திறக்காமல் போனால் இரணஜன்னி. காயடித்த புண்ணோ காது குத்திய புண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

சந்தையில் வாங்கிவந்த ஆட்டுக்கு மூக்கில் சளி, செருமல். மழையில் நனைந்து வந்ததால் என்று விட்டுவிட்டோம். இப்போது வீட்டு ஆடுகளுக்கும் ஒட்டிக்கொண்டது, இரண்டு குட்டிக்குக் கழிச்சல். என்ன செய்யலாம்?
– வாசகர், தாண்டிக்குடி

இதற்கு நீட்டி முழக்கப் போவதில்லை, ஆட்டுக்கொல்லியாக இருக்க வாய்ப்பு அதிகம், இன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். மழைச் சளி என்றால் மூக்கில் தண்ணீராக ஒழுகும், ஆடு தின்னும், விளையாடும். இதில் முதலில் கடுஞ்சுரம், பிறகு சளி கெட்டியாகி மஞ்சளாகி மூக்கை அடைக்கும், கண்ணில் பீளை கட்டும், ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு தூவியதுபோல வெள்ளை படிந்து புண்ணாகும், வாய் நாறும், அதன் பின் கழிச்சல், நுரையீரல் சளி. உதட்டைப் பிரித்துப் பாருங்கள், புண்ணும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மாட்டை ஒரு காலத்தில் வாரிக்கொண்டுபோன வெக்கை நோய்க் கிருமியின் பங்காளி இது. வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள், பங்காளி இன்னும் இருக்கிறான். இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்ததே நம் தமிழ்நாட்டில், 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில்.

நோய் கண்டதை உடனே பிரித்துக் கட்டுங்கள், அதற்குத் தீனி வைத்த கையோடு மற்றதைத் தொடாதீர்கள், பொது மேய்ச்சலுக்கு எதையும் விடாதீர்கள், விற்றுத் தள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம், அடுத்தவர் பட்டியை அழிக்கிற வேலை அது. கிருமிக்கு மருந்து கிடையாது, கூடவே வருகிற நிமோனியாவுக்கும் கழிச்சலுக்கும் வைத்தியம் பார்த்தால் பல ஆடு தப்பும். தடுப்பூசி உண்டு, நாலு மாதக் குட்டியிலிருந்து போடலாம், ஒருமுறை போட்டால் 3 ஆண்டு தாங்கும். இனிமேல் அய்யலூர்ச் சந்தையில் வாங்கினாலும் அக்கம்பக்கத்தில் வாங்கினாலும் புது ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்து, ஊசி போட்டபின் மந்தையில் விடுங்கள். "ஒரே ஒரு ஆடுதானே, தனியாகக் கட்டினால் கத்துகிறது" என்று சொல்லாதீர்கள். கத்தட்டும்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது, காலையில் பார்த்தால் காணோம். புழுக்கை நன்றாகத்தான் போடுகிறது. பால் மட்டும் குறைந்துவிட்டது.
– வாசகி, பண்ணைக்காடு

கீழ் இமையை விரலால் இழுத்து உள்ளே பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிய ரோஜா நிறமென்றால் இரத்தம் குறைகிறது, காகிதம் மாதிரி வெள்ளையென்றால் இன்றோ நாளையோ விழப்போகிறது. இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சுகிற உருண்டைப்புழுவின் வேலை. பகலெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு மேய்வதால் நீர் தாடையில் இறங்குகிறது, இராத்திரி தலையைத் தூக்கிப் படுப்பதால் வடிகிறது. இந்தப் புழுவுக்குக் கழிச்சல் வராது, அதனால்தான் புழுக்கையைப் பார்த்து நம்பி ஏமாந்துபோகிறோம். கழிச்சலும் சேர்ந்து தாடை வீங்கினால், சதுப்பில் மேய்கிற ஆடானால், ஈரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம். கொஞ்சம் புழுக்கையைப் பொட்டலம் கட்டி மருந்தகத்தில் கொடுத்தால் முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மேல்மலைக் குளிர் இந்தப் புழுவுக்கு அவ்வளவு ஒத்துவராது, உங்கள் கீழ்மலையில் ஈரமும் இருக்கிறது, கதகதப்பும் இருக்கிறது, அதற்குச் சொர்க்கம். பனி காயும்முன் மேய்க்கப் போகாதீர்கள், ஈரப்புல்லின் நுனிக்குத்தான் புழுக்குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும். காபித் தோட்டத்து ஓரத்தில் கல்யாண முருங்கை, அகத்தி, பலா இலை என்று உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டுக்கும் பிடிக்கும், புழுவும் ஏறாது. மருந்து கொடுக்கும்போது எடை பார்த்துக் கொடுக்க வேண்டும், கண் மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். மருந்துக் கடையில் எப்போதும் தருகிற அதே மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் எழுதுகிறீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் ஆட்டுக்கு இமை வெளுத்திருந்தால் விரட்டாதீர்கள், தூரம் நடத்தாதீர்கள், கட்டிப்போட்டே தீனி கொடுங்கள்.

ஆடு முட்டி போட்டு மேய்கிறது. சாமி கும்பிடுகிறது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
– வாசகர், கூக்கால்

முன்கால் குளம்பு அழுகியிருக்கும். விரலிடுக்கில் முகர்ந்து பாருங்கள், நாறும். குளம்பை வெட்டிச் சுத்தம் செய்து, 10 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலில் காலை நிறுத்தி, காய்ந்த தரையில் கட்டுங்கள், பட்டியில் பலகை அடித்துத் தரையை உயர்த்தாமல் இது போகாது. நொண்டுவது ஒரே நேரத்தில் பல ஆடாக இருந்து, வாயிலும் கொப்புளம் இருந்தால் அது கோமாரி, வேறு கதை.

நேற்று நன்றாக மேய்ந்த கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடந்தது. வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாமா?
– வாசகர், பூண்டி

மூக்கு, வாய், ஆசனவாயில் கறுத்த இரத்தம் உறையாமல் வழிந்திருந்தால் கத்தியைத் தொடக்கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். கிழித்தால் கிருமி காற்றுப் பட்டு விதையாகி அந்த மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும், உங்களுக்கும் தொற்றும். டாக்டருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். "செத்தாலும் கறி வீணாகக் கூடாது" என்று பங்கு போடுகிறவர்கள் ஊரில் இருப்பார்கள், கொடுக்காதீர்கள்.

இரத்தம் எதுவும் இல்லை, மந்தையிலேயே கொழுத்த குட்டி, மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தது என்றால் துள்ளுமாரியாக இருக்கலாம், சாவதற்கு முன் துள்ளி விழும், பெரும்பாலும் நாம் பார்க்கும்முன் முடிந்திருக்கும். மழைக்கு முன்னாலேயே ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டியது. மிச்ச ஆடுகளுக்காவது போடுங்கள்.

ஆடு வாந்தி எடுக்குமா? எங்கள் ஆடு பச்சையாகக் கக்கிக்கொண்டே இருக்கிறது, பல்லைக் கடிக்கிறது.
– வாசகி, வில்பட்டி

ஆடு வாந்தி எடுப்பது அபூர்வம், எடுத்தால் விஷச்செடி என்று முதலில் சந்தேகப்படுங்கள். வில்பட்டி என்றதும் எனக்குத் தோன்றுவது பங்களாத் தோட்டங்கள். வேலியில் அழகுக்கு வளர்க்கிற அசேலியாவைக் கத்தரித்து ரோட்டோரம் கொட்டிவிடுவார்கள், ஆடு போய்த் தின்னும். சோலையோரத்தில் சிவப்புக் கொத்தாகப் பூக்கிற ரோடோடெண்ட்ரான் மரமும் அதே குடும்பம், இலை விஷம். கக்கல், எச்சில், தள்ளாட்டம், நாடி தளர்வது என்று போகும். கக்குகிற ஆட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், அது தின்ற இலையில் ஒரு கொத்தையும் பறித்து வையுங்கள். ஊமத்தை மாதிரி பெரிய பூ தலைகீழாகத் தொங்குமே, அந்தச் செடியும் விஷம்தான். உண்ணிச்செடியைத் தின்ற ஆட்டுக்கு மட்டும் வேறு மாதிரி, கண் மஞ்சளாகி, காதும் மூக்கும் வெயில் பட்ட இடமெல்லாம் வெந்து தோல் உரியும், அதை நிழலில் கட்ட வேண்டும்.

இளம் பெட்டை ஒன்று இராத்திரி முழுக்கக் கத்துகிறது, வாலை ஓயாமல் ஆட்டுகிறது, மற்ற ஆட்டின் மேல் ஏறுகிறது. தீனியும் குறைவு. தெர்மாமீட்டரில் 102.5 காட்டுகிறது. நோயா?
– வாசகர், கிளாவரை

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எழுதிய ஒரே வாசகர் நீங்கள்தான், நன்றி. நோய் இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. ஒன்றரை நாளில் அடங்கும், மூன்று வாரம் கழித்துத் திரும்ப வரும், காலண்டரில் குறித்து வையுங்கள். ஆனால் இந்த முறை கிடாயோடு சேர்க்காதீர்கள். சினைக்காலம் 150 நாள், இப்போது சேர்த்தால் சரியாக ஜனவரி உறைபனியில் ஈனும், கிளாவரைக் குளிரில் ஈரத்தோடு விழுகிற குட்டி விடியும்வரை தாங்காது. அக்டோபரில் வருகிற பருவத்துக்குச் சேர்த்தால் மார்ச்சில் ஈனும், அதற்குள் ஆடும் இன்னும் கொஞ்சம் உடம்பு வைத்திருக்கும்.